நாணய இணைய வணிகத்தில் அனுப்புகைக் கட்டணம்

நாணய இணைய வணிகத்தில் அனுப்புகைக் கட்டணம் என்பது, சேகரிப்புக்குரிய நாணயங்களை இணையவழி விற்கும்போது, நாணயத்தின் விலைக்கு மேலதிகமாக, அதனைப் பொதிசெய்தல், அஞ்சலில் சேர்த்தல், காப்பீடு செய்தல், வாங்குபவரிடம் ஒப்படைத்தல் ஆகியவற்றுக்காகப் பெறப்படும் தொகை ஆகும். நாணயங்கள் சிறியவை; எடை குறைந்தவை. எனினும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் விலையும் குறைவானதே. ஆகவே இக்கட்டணம் பல வேளைகளில் நாணயத்தின் விலைக்கு நிகராகவும், சில வேளைகளில் அதனை விஞ்சியும் அமைகிறது. ஏலத்தில் கேட்கப்படும் விலை, விற்பனையாளரின் இலாபம், எவ்வகை நாணயங்கள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன என்பன போன்ற பலவற்றை இக்கட்டணம் தீர்மானிக்கிறது.

இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவையும், அங்கு தோன்றிய ஈபே ஏலத்தளத்தையும் அடிப்படையாகக் கொண்டது. நாணய இணைய ஏலங்கள் பெருமளவில் வளர்ந்ததும், அவை பொருளியலாளர்களால் விரிவாக ஆராயப்பட்டதும் அங்கேயே ஆகும்.

பின்னணி

இணையம் பரவுவதற்கு முன்னர் நாணயச் சேகரிப்பாளர்கள் உள்ளூர் நாணயக் கடைகள், நாணயக் கண்காட்சிகள், அஞ்சல்வழி விலைப்பட்டியல்கள் ஆகியவற்றையே நம்பியிருந்தனர். கடையிலும் கண்காட்சியிலும் நாணயம் கைமாறும்போது அனுப்புகைச் செலவு என ஒன்று இல்லை. வாங்குபவரின் பயணச் செலவும் நேரமும் ஒரு வகைச் செலவே எனினும், அது எத்தனை நாணயங்கள் வாங்கினாலும் ஒரே அளவினது. இதனால் ஒரு பெட்டியில் கொட்டி வைக்கப்பட்ட மலிவான வெளிநாட்டு நாணயங்களிலிருந்து ஒன்றிரண்டைத் தெரிந்தெடுத்து வாங்குவது புதிய சேகரிப்பாளர்களுக்கு எளிதாக இருந்தது.

1995 செப்டெம்பரில் பியர் ஒமிடியார் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் தொடங்கிய இணைய ஏலத்தளம் 1997இல் ஈபே எனப் பெயர் மாற்றம் பெற்றது. தொடக்க காலம் முதலே நாணயங்கள், அஞ்சல்தலைகள் போன்ற சேகரிப்புப் பொருட்கள் அதன் முக்கிய வகைகளாக விளங்கின. சிறு நகரில் வாழும் ஒருவர் நாட்டின் மறுகோடியில் உள்ளவரிடமிருந்து நாணயம் வாங்குவது இதனால் வழக்கமாயிற்று. அதே வேளை, ஒவ்வொரு கொள்வனவுடனும் ஓர் அஞ்சல் உறை சேர்ந்தே வரலாயிற்று.

கட்டணத்தின் கூறுகள்

வாங்குபவரிடம் பெறப்படும் அனுப்புகைக் கட்டணம் அஞ்சல்தலையின் விலை மட்டுமன்று. பொதுவாக அதில் பின்வருவன அடங்கும்:

- அஞ்சற் கட்டணம்: எடை, பருமன், தொலைவு, விரைவு ஆகியவற்றைப் பொறுத்தது.
- பொதிசெய்யும் பொருட்கள்: நாணயத்தைத் தாங்கும் அட்டைச் சட்டகம், நெகிழி உறை, மென்பஞ்சு உறை, அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா போன்றவை.
- தடமறிதல்: பொதி எங்குள்ளது என்பதையும், அது ஒப்படைக்கப்பட்டதையும் அறிய உதவும் வசதி.
- காப்பீடு: பொதி தொலைந்தாலோ பழுதுற்றாலோ இழப்பை ஈடுசெய்வது.
- கையாளுகைக் கட்டணம்: விற்பனையாளரின் உழைப்புக்கும் அஞ்சலகம் சென்றுவரும் நேரத்துக்கும் உரியது.

இவற்றுள் முதல் நான்கையும் ஓரளவு துல்லியமாகக் கணக்கிடலாம். ஐந்தாவதற்கு உறுதியான அளவுகோல் இல்லை. அனுப்புகைக் கட்டணம் குறித்து எழும் பூசல்கள் பலவற்றுக்கு இக்கூறே காரணமாகிறது.

எடையும் பருமனும்

ஐக்கிய அமெரிக்காவின் லிங்கன் ஒரு செண்ட் நாணயம் 1982 வரை 3.11 கிராம் எடையுள்ளதாக இருந்தது. அவ்வாண்டில் துத்தநாக உட்பகுதி கொண்டதாக மாற்றப்பட்ட பின் 2.5 கிராம் ஆயிற்று. மோர்கன் வெள்ளி டாலர் 26.73 கிராம் எடையும் 38.1 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. அந்நாட்டு அஞ்சல் கட்டணத்தின் அடிப்படை அலகான ஓர் அவுன்சு ஏறத்தாழ 28.35 கிராம் ஆகும். எனவே செண்ட் நாணயம் ஒன்றை உறையுடன் சேர்த்து ஓர் அவுன்சுக்குள் அனுப்பிவிடலாம். மோர்கன் டாலரைப் பொறுத்தவரை நாணயமே ஏறக்குறைய அந்த எடையை எட்டிவிடுவதால், உறையும் அட்டையும் சேர்ந்ததும் அடுத்த கட்டணப் படிக்குச் சென்றுவிடுகிறது.

எடையைக் காட்டிலும் பருமன் முக்கியமானது. ஐக்கிய அமெரிக்க அஞ்சல் சேவையின் விதிகளின்படி, கால் அங்குலத்துக்கு, அதாவது 6.35 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பொருள் கடிதமாகக் கொள்ளப்படுவதில்லை. உறைக்குள் நாணயம் தனியே உருளும்படி வைக்கப்படுவதும் ஏற்கப்படுவதில்லை. கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளுக்கிடையே செல்லும்போது நாணயம் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

1980களின் நடுப்பகுதிக்குப் பின் தோன்றிய பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள், நாணயத்தை மதிப்பிட்டுக் கடினமான நெகிழிப் பேழையில் அடைத்துத் தருகின்றன. நேரில் காணாமலேயே நம்பி வாங்க இப்பேழை உதவியதால் இணைய வணிகம் வளர்ந்தது. ஆனால் பேழையிலிடப்பட்ட நாணயம் வளையாதது, தடித்தது. அது கடிதமாகச் செல்ல இயலாமல் பொதியாகவே செல்ல நேர்கிறது. ஆக, நம்பகத்தன்மையை உயர்த்திய அதே பேழை அனுப்புகைச் செலவையும் உயர்த்தியது.

ஏலக் கேள்வியில் ஏற்படும் விளைவு

ஏலத்தில் பங்குபெறும் ஒருவர், ஒரு நாணயத்துக்குத் தம் கையிலிருந்து மொத்தமாக எவ்வளவு செலவழிக்க விரும்புகிறார் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து அனுப்புகைக் கட்டணத்தைக் கழித்து வரும் தொகையையே தம் உச்சக் கேள்வியாகக் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 30 டாலர் பெறும் எனத் தாம் கருதும் நாணயத்துக்கு அனுப்புகைக் கட்டணம் 5 டாலர் எனில், அவர் 25 டாலருக்கு மேல் கேட்கலாகாது. கட்டணம் 8 டாலர் எனில் 22 டாலரே அவரது எல்லை. எல்லோரும் இவ்வாறே கணக்கிட்டால், விற்பனையாளர் கட்டணத்தை உயர்த்தும் ஒவ்வொரு டாலருக்கும் ஏல விலை ஒரு டாலர் குறையும். அவர் பெறும் மொத்தத் தொகை மாறாது.

நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதை ஆய்வுகள் காட்டின. விக்கி மோர்விட்சு, எரிக் கிரீன்லீஃப், எரிக் ஜான்சன் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, விலை ஒரே தொகையாக அன்றி இரு கூறுகளாகப் பிரித்துக் கூறப்படும்போது, மக்கள் மொத்தச் செலவை உள்ளதைவிடக் குறைவாக நினைவிற்கொள்வதையும், பொருளை வாங்கும் நாட்டம் மிகுவதையும் எடுத்துக்காட்டியது.

தன்சிம் உசைன், ஜான் மோர்கன் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஈபே தளத்திலேயே சோதித்தது. அவர்கள் இசைக் குறுவட்டுகளையும் நிகழ்பட விளையாட்டு வட்டுகளையும் 80 ஏலங்களில் விற்றனர். ஒரு வகை ஏலத்தில் தொடக்க விலை 4 டாலர். அனுப்புகைக் கட்டணம் இல்லை. மற்றொரு வகையில் தொடக்க விலை 1 செண்ட். அனுப்புகைக் கட்டணம் 3.99 டாலர். மொத்தக் குறைந்தபட்சச் செலவு இரண்டிலும் ஒன்றே. எனினும் இரண்டாம் வகை ஏலங்களே கூடுதலான ஏலக் கேள்விகளையும் கூடுதல் வருவாயையும் ஈட்டின. அனுப்புகைக் கட்டணம் 6 டாலராக உயர்த்தப்பட்டபோது, குறுவட்டுகளைப் பொறுத்தவரை இவ்விளைவு மறைந்துவிட்டது. பொருளின் விலையோடு ஒப்பிடுகையில் கட்டணம் கண்ணுக்கு உறுத்தும் அளவை எட்டியதும் வாங்குபவர் விழிப்படைந்துவிடுகிறார் என்பதே இதன் பொருள்.

நாணயங்களுக்கு இம்முடிவு குறிப்பாகப் பொருந்தும். 100 டாலர் பெறும் நாணயத்துக்கு 6 டாலர் கட்டணம் எவர் கண்ணிலும் படுவதில்லை. 5 டாலர் நாணயத்துக்கு அதே கட்டணம் வாங்குபவரை விலகச் செய்கிறது.

தரகும் ஏமாற்றும்

ஈபே தளம் விற்பனையாளரிடம் பட்டியலிடுவதற்கு ஒரு கட்டணமும், விற்பனை முடிந்தபின் விலையில் ஒரு விழுக்காட்டைத் தரகாகவும் பெற்றுவந்தது. நீண்ட காலமாக இத்தரகு ஏல விலையின் மீது மட்டுமே கணக்கிடப்பட்டது. அனுப்புகைக் கட்டணத்தின் மீது கணக்கிடப்படவில்லை. விலையைக் குறைத்து அனுப்புகைக் கட்டணத்தை உயர்த்திய விற்பனையாளர் தரகை மிச்சப்படுத்த முடிந்தது.

கணக்கின் எளிமைக்காகத் தரகு 10% என்றும், உண்மையான அஞ்சல் செலவு 3 டாலர் என்றும் கொள்வோம். வாங்குபவர் மொத்தம் 21 டாலர் செலுத்துகிறார்.

- விலை 18 டாலர், அனுப்புகை 3 டாலர் எனில்: தரகு 1.80 டாலர். விற்பனையாளர் கையில் நிற்பது 16.20 டாலர்.
- விலை 1 டாலர், அனுப்புகை 20 டாலர் எனில்: தரகு 0.10 டாலர். விற்பனையாளர் கையில் நிற்பது 17.90 டாலர்.
- தரகு மொத்தத் தொகையின் மீது கணக்கிடப்படுமாயின்: இரு முறைகளிலும் தரகு 2.10 டாலர். கையில் நிற்பது 15.90 டாலர்.

இரண்டாம் முறையினால் தளத்துக்கு வருவாய் இழப்பு ஏற்பட்டது மட்டுமன்றி, வாங்குபவருக்கும் தீங்கு நேர்ந்தது. நாணயம் போலி எனத் தெரியவந்து திருப்பி அனுப்பப்படும்போது, சில விற்பனையாளர்கள் விலையை மட்டுமே திருப்பித் தந்து அனுப்புகைக் கட்டணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ள இது வழிவகுத்தது. விலை 1 டாலரும் கட்டணம் 20 டாலரும் ஆன விற்பனையில் இதன் விளைவு வெளிப்படை.

ஈபே படிப்படியாக இதற்கு எதிரான விதிகளைக் கொண்டுவந்தது. 2007இல் அறிமுகமான விரிவான விற்பனையாளர் மதிப்பீட்டில், விளக்கத்தின் உண்மை, தொடர்பாடல், அனுப்பும் விரைவு ஆகியவற்றுடன் அனுப்புகை, கையாளுகைக் கட்டணமும் நான்காவது கூறாகச் சேர்க்கப்பட்டது. 2011 ஜூலை முதல் ஐக்கிய அமெரிக்கத் தளத்தில் அனுப்புகைக் கட்டணத்தின் மீதும் தரகு பெறப்படலாயிற்று. இதனால் கட்டணத்தை மிகைப்படுத்திக் காட்டுவதில் இருந்த ஆதாயம் நீங்கியது. ஆனால் உண்மையான அஞ்சல் செலவை மட்டுமே பெற்றுவந்த நேர்மையான விற்பனையாளரும் அச்செலவின் மீது தரகு செலுத்த வேண்டியவரானார். குறைந்த விலை நாணயங்களை விற்ற சிறு விற்பனையாளர்களை இது கூடுதலாகப் பாதித்தது; அவர்களது மொத்த வரவில் அஞ்சல் செலவின் பங்கே பெரிது.

இலவச அனுப்புகை

பல விற்பனையாளர்கள் "இலவச அனுப்புகை" எனக் குறிப்பிடுகின்றனர். உண்மையில் செலவு மறைவதில்லை. அது விலைக்குள் சேர்க்கப்படுகிறது. நிலைத்த விலைக்கு விற்கப்படும் நாணயத்தில் இது எளிது. ஏலத்திலோ இறுதி விலை என்னவாகும் என்பது தெரியாததால், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கு ஏலம் முடிந்தால் அஞ்சல் செலவு விற்பனையாளரின் இழப்பாகிறது. ஆகவே விலை உறுதியற்ற மலிவான நாணயங்களை ஏலமிடுபவர்கள் கட்டணத்தைத் தனியாகக் காட்டுவதும், நிலைத்த விலைக்கு விற்பவர்கள் இலவச அனுப்புகையை விரும்புவதும் இயல்பாகின்றன.

ஒருவரிடமே பல நாணயங்களை வாங்குபவருக்கு இலவச அனுப்புகை நன்மையானதன்று. ஒவ்வொரு நாணயத்தின் விலையிலும் முழு அஞ்சல் செலவு அடங்கியிருப்பதால், அவை யாவும் ஒரே உறையில் வந்தாலும் அவர் பல உறைகளுக்கான செலவைச் செலுத்திவிடுகிறார்.

ஒருங்கிணைந்த அனுப்புகை

ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய பல நாணயங்களை ஒரே பொதியில் அனுப்புதல் ஒருங்கிணைந்த அனுப்புகை எனப்படும். முதல் நாணயத்துக்கு முழுக் கட்டணமும், அடுத்த ஒவ்வொன்றுக்கும் சிறு தொகையும் பெறுவது வழக்கம்.

தலா 4 டாலர் விலையுள்ள ஐந்து நாணயங்களை ஐந்து வெவ்வேறு விற்பனையாளர்களிடம் தலா 5 டாலர் அனுப்புகைக் கட்டணத்தில் வாங்கினால் மொத்தச் செலவு 45 டாலர். நாணயம் ஒன்றுக்கு 9 டாலர். அவற்றை ஒருவரிடமே வாங்கி, முதல் நாணயத்துக்கு 5 டாலரும் மற்றவற்றுக்குத் தலா 50 செண்டும் செலுத்தினால் மொத்தம் 27 டாலர். நாணயம் ஒன்றுக்கு 5.40 டாலர்.

இதன் விளைவு ஏலத்திலும் தெரியும். ஒரு நாணயத்தை 9 டாலராக மதிக்கும் இருவர் போட்டியிடுகின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் அவ்விற்பனையாளரிடம் வேறெதனையும் வாங்கவில்லை. அவரது உச்சக் கேள்வி 4 டாலர். இரண்டாமவர் ஏற்கெனவே ஒரு நாணயத்தை வென்றுள்ளார். அவரது உச்சக் கேள்வி 8.50 டாலர். ஒரே நாணயத்துக்கு இருவரின் எல்லையும் இரு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இதனாலேயே அனுபவமுள்ள விற்பனையாளர்கள் ஒத்த வகை நாணயங்கள் பலவற்றை அடுத்தடுத்து முடிவுறும்படி ஏலத்தில் இடுகின்றனர். அனுபவமுள்ள வாங்குபவர்களும் ஒன்றை வென்றபின் அதே விற்பனையாளரின் ஏனைய நாணயங்களைப் பார்வையிடுகின்றனர்.

தரத்தின் மீதான விளைவு

ஆர்மென் ஆல்ச்சியன், வில்லியம் ஆலன் ஆகியோர் 1964இல் வெளியிட்ட பொருளியல் பாடநூலில் விளக்கிய ஒரு கோட்பாடு ஆல்ச்சியன்–ஆலன் விளைவு எனப்படுகிறது. ஒரு பொருளின் உயர்தர வகைக்கும் தாழ்தர வகைக்கும் ஒரே அளவான போக்குவரத்துச் செலவு சேரும்போது, உயர்தர வகை ஒப்பீட்டளவில் மலிவாகிறது என்பதே அது.

தேய்ந்த நிலையிலுள்ள ஒரு நாணயம் 10 டாலர் என்றும், அதே நாணயம் புதுமை குன்றாத நிலையில் 40 டாலர் என்றும் கொள்வோம். கடையில் வாங்கினால் நல்ல நாணயத்துக்கு நான்கு மடங்கு விலை. இரண்டுக்கும் 10 டாலர் அனுப்புகைக் கட்டணம் சேர்ந்தால் செலவு முறையே 20, 50 டாலர். நல்ல நாணயம் இப்போது இரண்டரை மடங்கே. எனவே தொலைவிலிருந்து வாங்குபவர் நல்ல நாணயத்தையே நாடுவார். தேய்ந்த மலிவான நாணயங்கள் உள்ளூர்க் கடைகளிலும் கண்காட்சிகளிலும் எளிதில் கைமாறுவதற்கும், உயர்தர நாணயங்கள் நெடுந்தொலைவு செல்வதற்கும் இது ஒரு விளக்கமாகும்.

புதிய சேகரிப்பாளர்கள் இதனால் இடர்ப்படுகின்றனர். மாணவர்கள் பெரும்பாலும் மலிவான நாணயங்களிலிருந்தே சேகரிப்பைத் தொடங்குகின்றனர். ஆனால் இணையத்தில் விலை குறைந்த நாணயமே விழுக்காட்டளவில் மிகுந்த செலவுடையது. இந்நிலையில் மலிவான நாணயங்களைத் தனித்தனியே விற்காமல், எடைக்கணக்கிலோ எண்ணிக்கையிலோ தொகுதியாக விற்கும் வழக்கம் வளர்ந்தது. தொகுதியில் வாங்குபவருக்குச் செலவு குறையும். ஆயினும் தேவையற்ற நாணயங்களும் சேர்ந்தே வரும்.

தொலைதலும் காப்பீடும்

அஞ்சலில் நாணயம் தொலைவதற்கான வாய்ப்பு சிறிதெனினும், அதனையும் ஒரு செலவாகக் கருத வேண்டும். தொலையும் வாய்ப்பு 2% என ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொண்டால், 10 டாலர் நாணயத்தின் எதிர்பார்க்கத்தக்க இழப்பு 20 செண்ட். 400 டாலர் நாணயத்துக்கு அது 8 டாலர். தடமறிதலும் காப்பீடும் கூடுதலாக 4 டாலர் பெறுமெனில், முதல் நாணயத்துக்கு அவற்றைச் செய்வது வீண். இரண்டாவதற்குச் செய்யாதிருப்பது பேதைமை. விலைக்கேற்ப அனுப்பும் முறை மாறுவது இதனாலேயே.

ஐக்கிய அமெரிக்காவில் வழக்கிலுள்ள முறைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

- அஞ்சல்தலை ஒட்டிய உறை: மிக மலிவானது, தடமறிய இயலாது. பொதி வந்து சேரவில்லை என வாங்குபவர் முறையிட்டால் விற்பனையாளரிடம் சான்று இராது. அவ்வுறைக்கான அடிப்படைக் கட்டணமும் 1999இல் 33 செண்டாக இருந்து 2025 ஜூலையில் 78 செண்டாக உயர்ந்தது.
- ஈபே நிலையான உறை: குறைந்த விலையுள்ள தட்டையான பொருட்களுக்காக 2021இல் விளையாட்டுச் சேகரிப்பு அட்டைகளுடன் தொடங்கப்பட்டு, பின்னர் நாணயங்களுக்கும் தாள் பணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. உறையின் விலையில் தடமறிதலும் கிடைப்பதால், மலிவான நாணயங்களை விற்பவர்களுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது.
- தரைவழிப் பொதி: 2023 ஜூலையில் அஞ்சல் சேவை தன் பல பொதி வகைகளை ஒன்றிணைத்து அறிமுகப்படுத்திய இச்சேவையில் தடமறிதலும் 100 டாலர் வரையான காப்பீடும் அடங்கும்.
- பதிவு அஞ்சல்: விலையுயர்ந்த நாணயங்களுக்குரியது. 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம். பொதி கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கையொப்பம் பெறப்படுவதால் மெதுவாகச் செல்லும்; ஆனால் மிகப் பாதுகாப்பானது. பொதியின் விளிம்புகள் தாள் ஒட்டுநாடாவால் மூடப்பட்டு, அவற்றின் மீது அஞ்சல் முத்திரை இடப்படுகிறது. எவரேனும் பிரித்தால் முத்திரை குலைந்து தெரிந்துவிடும்.

பதிவு அஞ்சலின் மீதான நம்பிக்கைக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1958 நவம்பரில் அணிகல வணிகர் ஹாரி வின்ஸ்டன், புகழ்பெற்ற ஹோப் வைரத்தை நியூயார்க்கிலிருந்து வாசிங்டனில் உள்ள சிமித்சோனியன் நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலிலேயே அனுப்பினார். மொத்தக் கட்டணம் 145.29 டாலர். அதில் அஞ்சல் கட்டணம் 2.44 டாலர் மட்டுமே. எஞ்சியது முழுவதும் 10 இலட்சம் டாலருக்கான காப்பீடு. பொருளின் மதிப்பு உயர உயர, அனுப்புகைச் செலவில் எடையின் பங்கு குறைந்து காப்பீட்டின் பங்கு மிகுவதை இது நன்கு காட்டுகிறது.

ஈபே தளத்தில் மொத்தத் தொகை 750 டாலரோ அதற்கு மேலோ ஆகும்போது, வந்து சேரவில்லை என்னும் முறையீட்டிலிருந்து விற்பனையாளர் பாதுகாப்புப் பெற, ஒப்படைப்பின்போது கையொப்பம் பெறப்பட்டிருக்க வேண்டும். இதுவும் விலையுயர்ந்த நாணயங்களின் அனுப்புகைச் செலவில் சேர்கிறது.

நம்பகத்தன்மையும் விலையும்

நாணய ஏலங்கள் பொருளியல் ஆய்வுகளுக்கு ஏற்ற களமாக அமைந்தன; ஒரே ஆண்டும் ஒரே தரமும் கொண்ட நாணயங்களின் விலைகளை எளிதில் ஒப்பிடலாம் என்பதே காரணம். டேவிட் லக்கிங்-ரெய்லியும் உடனாய்வாளர்களும் 1999இல் ஈபேயில் நிகழ்ந்த ஐக்கிய அமெரிக்க ஒரு செண்ட் நாணய ஏலங்களைத் தொகுத்து ஆராய்ந்து, 2007இல் வெளியிட்டனர். விற்பனையாளரைப் பற்றிய எதிர்மறைக் கருத்துகள் நாணயத்தின் விலையைக் குறைப்பதையும், அவற்றின் விளைவு நேர்மறைக் கருத்துகளின் விளைவைவிட மிகுதியாக இருப்பதையும் அவர்கள் கண்டனர். பேட்ரிக் பஜாரி, அலி ஹோர்டசு ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வும் ஈபே நாணய ஏலங்களையே அடிப்படையாகக் கொண்டது. தொடக்க விலை குறைவாக இருக்கும் ஏலங்களில் கூடுதலானோர் பங்கேற்பதை அது காட்டியது.

இம்முடிவுகள் அனுப்புகையோடு தொடர்புடையவை. தாமதம், கிழிந்த உறை, மிகையான கட்டணம் ஆகியவை வாங்குபவரின் எதிர்மறைக் கருத்துக்கு வழக்கமான காரணங்களாகும். ஆகவே பொதிசெய்வதில் சில செண்டுகளை மிச்சப்படுத்தும் விற்பனையாளர், பின்வரும் ஏலங்களில் அதைவிடக் கூடுதலாக இழக்கக்கூடும்.

அனுப்புகை இலவசமானபோது

அனுப்புகைச் செலவு நீங்கினால் என்ன நிகழும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்க நாணயச்சாலையின் ஒரு திட்டம் எடுத்துக்காட்டாகும். ஒரு டாலர் நாணயங்களின் புழக்கத்தைப் பெருக்கும் நோக்கில், 2008இல் அது நாணயங்களை முகமதிப்பிலேயே, அனுப்புகைக் கட்டணமின்றி இணையவழி விற்கத் தொடங்கியது. 250 நாணயங்கள் கொண்ட பெட்டி 250 டாலருக்கு வீட்டுக்கே வந்தது. ஒரு டாலர் நாணயத்தின் எடை 8.1 கிராம் ஆதலால், ஒரு பெட்டியில் நாணயங்கள் மட்டுமே 2 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளவை.

சிலர் இதனைக் கடன் அட்டையில் வாங்கி, வந்த பெட்டிகளை நேரே வங்கியில் செலுத்தி, அட்டைக் கடனை அடைத்தனர். விமானப் பயணத்துக்கான வெகுமதிப் புள்ளிகள் அவர்களுக்குச் செலவின்றிக் கிடைத்தன. அனுப்புகைச் செலவை அரசு ஏற்றது. நாணயங்களோ புழக்கத்துக்குச் செல்லாமல் வங்கிக்கே திரும்பின. 2011 ஜூலையில் கடன் அட்டைவழி விற்பனை நிறுத்தப்பட்டது. 2012இல் திட்டமே முடிவுற்றது. வழக்கமாக, முகமதிப்புக்கு விற்கப்படும் நாணயத்தை அஞ்சலில் வரவழைத்து எவரும் ஆதாயம் பெற முடியாதிருப்பதற்கு அனுப்புகைச் செலவே காவலாக நிற்கிறது என்பதை இந்நிகழ்வு தெளிவாக்கியது.

பிற நாடுகளுடனான வணிகம்

நாடு கடந்து நாணயம் அனுப்பும்போது செலவுடன் சட்டச் சிக்கலும் சேர்கிறது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கை, காப்பீடு செய்யப்படாத கடித வகை அஞ்சலில் நாணயங்களை வைப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. உள்நாட்டுச் சட்டங்கள் இடமளித்தால் மூடிய உறையில் பதிவு அஞ்சலாக அனுப்பலாம். இதனை மீறி மலிவான உறையில் அனுப்பப்படும் நாணயம் தொலைந்தால் ஈடு கோர இயலாது.

சுங்கவரி விதிகளும் மாறிவந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையான இறக்குமதிப் பொருட்களுக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1இல் நீங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 800 டாலர் வரையான பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகத்து 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அவ்வேளையில் இந்திய அஞ்சல் துறை உட்படப் பல நாட்டு அஞ்சல் சேவைகள் அந்நாட்டுக்கான பொதிகளைத் தற்காலிகமாக ஏற்காமல் நிறுத்தின. இத்தகைய மாற்றங்களின்போது வரியைவிட, அதனைக் கணக்கிட்டுச் செலுத்துவதற்கான கையாளுகைக் கட்டணமே மலிவான நாணயங்களுக்குப் பெருஞ்சுமையாகிறது.

இந்தியாவிலிருந்து நாணயங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுவோர் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைச்செல்வங்கள் சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயங்கள் அச்சட்டத்தின்படி தொல்பொருட்களாகும். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்வதற்குத் தடை உள்ளது. சோழர் காசாயினும் கிழக்கிந்தியக் கும்பினியின் காசாயினும் இவ்விதி ஒன்றே. எனவே, அத்தகைய நாணயத்துக்கு அனுப்புகைக் கட்டணம் எவ்வளவு என்னும் வினாவே எழாது.

வாங்குபவரும் விற்பவரும் கருத்தில் கொள்வன

வாங்குபவர் ஏலத்தில் பங்கேற்கும் முன் அனுப்புகைக் கட்டணம், வரி, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பது ஆகியவற்றை அறிந்து, மொத்தச் செலவின் அடிப்படையிலேயே நாணயங்களை ஒப்பிட வேண்டும். தளங்கள் தரும் வரிசைப்படுத்தும் வசதியில் "விலையும் அனுப்புகையும் சேர்த்து" என்னும் தெரிவு இதற்கு உதவும். பிறகு விற்க நேரும்போது அனுப்புகைக்காகச் செலவிட்ட தொகை திரும்பக் கிடைப்பதில்லை. நாணயத்தின் சந்தை மதிப்பு மட்டுமே கிடைக்கும்.

விற்பவர் நாணயத்தைப் பட்டியலிடும் முன்னரே பொதிசெய்து எடை பார்த்தல் நன்று. நாணயம் உறைக்குள் அசையாதவாறு அட்டைகளுக்கிடையே பொருத்தப்பட வேண்டும். குலுக்கினால் ஓசை எழும் பொதி, உள்ளே நாணயம் இருப்பதைத் திருடர்க்கு அறிவித்துவிடும். இதே காரணத்தால் பொதியின் மேல் "நாணயம்" என்னும் சொல்லோ, வணிகரின் பெயரில் அச்சொல் இருப்பின் அப்பெயரோ எழுதப்படுவதில்லை.

இவற்றையும் பார்க்க

- நாணயவியல்
- இணைய ஏலம்
- பதிவு அஞ்சல்
- உலக அஞ்சல் ஒன்றியம்
- ஆல்ச்சியன்–ஆலன் விளைவு